மாமன் வரும்வரை கஞ்சித்தண்ணீர்

வாசலில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தபோது, உள்ளே என் மகள் பசியில் அழுதுகொண்டிருந்தாள். ஊருக்கே சோறு போடுகிற பூமி என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. ஒரு பருக்கை வாயில் பட்டதில்லை.

அது கணவர் குடும்பத்து வழக்கம். குழந்தைக்கு முதல் சோற்றைக் குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். தாய்மாமன் என்றால் என் தம்பி. அவன் துபாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் லீவு என்பான்; அந்த மாதம் வந்ததும் முதலாளி மனசு மாறிவிடும். அதுவரை தாய்ப்பாலோடு வடிகஞ்சி கொடுக்கலாம். சோறு வடித்த தண்ணீர்தானே, அது சோற்றில் சேராது என்பது வீட்டுச் சட்டம். வயிறு முட்டக் குடிப்பாள். சற்று நேரத்தில் மறுபடி அழுவாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் எடை பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"போன தடவை இருந்த வெயிட்டேதாங்க இருக்கு. பருப்பு சாதம் மசிச்சுக் குடுங்க, முட்டை குடுங்க. வெறும் கஞ்சித்தண்ணியில என்னங்க இருக்கு?"

பஸ்ஸில் வரும்போது வழிநெடுக மகளின் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். சதை இல்லாமல் தோல் மட்டும் கையோடு வந்தது. பயந்துவிட்டேன்.

வீட்டில் அந்தச் சட்டத்தைக் காத்து நின்றவர் என் கணவரின் அக்கா. எங்களோடுதான் இருந்தார், அண்ணி என்று கூப்பிடுவேன். நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். கணவர் செல்போனுக்குள் தலையைக் குனிந்துகொண்டார். இந்த மாதிரி நேரத்தில் அவருக்கு முக்கியமான மெசேஜ் ஏதாவது வந்துவிடும். அண்ணிதான் பேசினார்.

"நான் அவசரப்பட்டுத்தான் என் புள்ளையை வாரிக்குடுத்தேன். மாமன் வர்றதுக்குள்ள ஊட்டுனேன். வயித்தால போயி, ரெண்டு நாள்கூடத் தாங்கலை. நீயும் அப்படி நிக்கணுமா?"

அவர் பையன் வயிற்றுப்போக்கில் போனது எனக்குத் தெரியும். வெள்ளம் வடிந்து, ஊர்க் குழாயில் சேறு கலந்து வந்த சமயம் அது என்பதும் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். மகளின் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். அவள் விலா எலும்பைப் பார்த்தான். பிறகு, "அண்ணிகிட்ட போனைக் குடு" என்றான்.

"அண்ணி, எனக்கு எப்ப லீவு கெடைக்கும்னு எனக்கே தெரியலை. என் எடத்துல நீங்க உக்காருங்க. தாய்மாமன் நான் சொல்றேன், ஒங்க மடியில வச்சு ஊட்டுங்க. சாமி கேட்டா என்னைக் கேக்கட்டும்."

தாய்மாமன் வார்த்தையைத் தட்ட அந்த வீட்டில் ஆள் கிடையாது. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனோம். நெய் விட்டு மசித்த பருப்புச் சோற்றை அண்ணி ஊட்டினார். மகள் துப்பவில்லை. இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கை தட்டுக்குப் போய்த் திரும்பும் அந்த நேரத்தைக்கூடப் பொறுக்காமல் வீறிட்டாள். கணவர் சிரித்தார், பூசாரி சிரித்தார். இத்தனை பசியோடா இவ்வளவு நாள் இருந்தாள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அண்ணியும் சிரிக்கவில்லை. ஊட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவனும் இப்படித்தான் கையப் புடிச்சு இழுத்தான். பசின்னு அழுதான், குடுத்தேன். அது தப்பாம்மா?"

"இல்ல அண்ணி" என்றேன்.

கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். மகள் விடவில்லை.