கருவாட்டை மட்டும் யாரும் சொல்லவில்லை

போன வாரம் ஹெட்கிளார்க் ஒரு ஆங்கிலப் பத்திரிகைத் துண்டை வெட்டிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் தொடக்கூடாத உணவுகளாம். சீஸ், சாக்லேட், சிவப்பு ஒயின்.

“இதெல்லாம் விட்ருங்கம்மா” என்றார், ரொம்ப அக்கறையாக.

விட்டுவிட்டேன். கோவில்பட்டியில் இருந்துகொண்டு சீஸை விடுவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும், தெரியுமா? அது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது...

இப்போது சிரிக்கிறேன். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு பட்டியல்தான் என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

அப்போது இதே ஆபீசில் எனக்கு டெம்பரரி வேலை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தால் நிரந்தரம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வாரம் தவறாமல் தலைவலி வர ஆரம்பித்தது. இடது பக்கம் மட்டும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. டைப் மெஷின் சத்தம் எப்படி ஆகும்?

ஒருத்திக்குத் தலைவலி என்றால் ஊரே டாக்டர் ஆகிவிடுகிறது. பலசரக்குக் கடைக்குச் சுக்கு வாங்கப் போனேன்.

“ஓட்டல் பலகாரம் சாப்பிடுதீங்களா தாயி? அதான் பித்தம். அவிய பாமாயில்லதான சுடுதாவ” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

ஓட்டல்காரர் என் கணவரிடம் வேறு மாதிரி சொல்லி அனுப்பினார். “அண்ணாச்சி கடைப் பருப்ப நிப்பாட்டச் சொல்லுங்க. எந்தக் காலத்துச் சரக்கோ.”

ஒருத்தராவது தன் கடைச் சரக்கை விடச் சொல்ல வேண்டுமே — ம்ஹூம்.

பக்கத்து வீட்டு மேரியக்கா, “இட்லி புளிச்ச மாவுல்லா? அத விட்ரு. கடலையும் கத்தரிக்காயும் தொடாத” என்றாள். என் கணவர் தன் பங்குக்கு, “எல்லாம் காபிதான்ட்டி. நாளையிலருந்து உனக்குக் காபி கெடையாது” என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லும்போது அவர் கையில் இரண்டாவது டம்ளர்.

எல்லாவற்றையும் விட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம்; யார் என்ன சொன்னாலும் கேட்கிற நிலைமை. கடைசியில் மிஞ்சியது சோறும் கருவாட்டுக் குழம்பும். கருவாட்டை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. கணவர் வாராவாரம் தூத்துக்குடியிலிருந்து ஆசை ஆசையாக வாங்கி வருவது. எங்கள் வீட்டில் அதைக் குறை சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு?

பரீட்சைக்கு முந்தின நாள் அதையே இரண்டு வேளை சாப்பிட்டேன். மறுநாள் காலையில் இட்லியும் இல்லை, காபியும் இல்லை... அப்படியே பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தேன். மணி அடித்தது. தாளில் பாதி வரிகள் மினுமினுத்து மறைந்தன. மீதியைப் பார்த்து அடித்தேன். நான் அடித்ததை எனக்கே படிக்கத் தெரியவில்லை. வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். “காலைல என்ன சாப்பிட்ட?”

“ஒண்ணும் சாப்பிடல.”

“அதான பாத்தேன். வெறும் வயித்துல போனா தல வலிக்காதா?”

நியாயமாகப் பார்த்தால் அந்தக் காபி டம்ளரை அன்றைக்கே அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

ஆபீசில் பெரிய மனசு பண்ணி இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள், ஆறு மாதம். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். விட்டதையெல்லாம் திரும்பச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன், எப்போது வலித்தது என்று தினமும் எழுதினேன்.

இட்லி தப்பித்தது. கடலை, கத்தரிக்காய், பருப்பு, ஓட்டல் வடை எல்லாம் தப்பித்தன. காபிகூட நிரபராதி. மாட்டிக்கொண்டது இரண்டே இரண்டு: பட்டினி ஒன்று, கருவாடு இன்னொன்று. இது என் தலையின் கதை. உங்கள் தலைக்கு எது ஆகாதோ, அதை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

கருவாட்டை விட்டேன். காலையில் நாலு இட்லி, ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போய் ஹையர் பாஸ் செய்தேன்.

நான் சாப்பிடாததை நான் சமைப்பதும் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் கருவாடு கிடையாது. இப்போதெல்லாம் சாப்பாட்டு வேளையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர் என் கணவர்தான்.