வைத்திலிங்கத்துக்கு வந்த பார்சல்

ஒரு குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு துவக்கைப் பற்றிச் சண்டை நடந்தது. அந்தத் துவக்கை எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அம்மா பிறப்பதற்கும் முந்தி, அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதியைச் சுட்ட துவக்கு அது. சுட்டவர் என்று பிடிக்கப்பட்டவர் அதைக் கடைக்குப் போய் வாங்கவில்லையாம். சஞ்சிகையில் வந்த விளம்பரத் துண்டை வெட்டி நிரப்பி, தபாலில் எடுப்பித்தாராம். துண்டில் எழுதியிருந்தது ஒரு பெயர். துவக்கு வந்து சேர்ந்த தபாற்பெட்டி இன்னொரு பெயரில். கையெழுத்து ஒன்று, ஆகவே இரண்டு பெயரும் ஒரே ஆள் என்றது அரசாங்கம். அந்த ஆளை மாட்டிவிட்டார்கள் என்றது பாதி உலகம். ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், சனிக்கிழமைகளில் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் தின்ற கையோடு, அந்த வழக்கை நாங்கள் முதலிலிருந்து விசாரித்தோம்.

நோர்வேத் தொலைக்காட்சியில் வந்த ஒரு விவரணப்படம்தான் இதற்கெல்லாம் காரணம். எங்கள் நீதிமன்றத்தில் மூன்று பேர். அப்பா ஒருவர். மேல்மாடியில் வாடகைக்கு இருந்த இஞ்சினியர் அங்கிள் இன்னொருவர். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர், இணையத்தில் எதையாவது தேடி அச்செடுத்துக்கொண்டு வருவார். மூன்றாவது ஆள் மாமா, அம்மாவின் தம்பி. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு எங்களோடு இருந்தார். எனக்குப் பத்து வயது. படத்தில் விளங்காத நோர்வேஜிய மொழியை விளங்கப்படுத்துவது என் வேலை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிழைக்குத் திட்டு வாங்கிவிட்டு வரும் எனக்கு அந்தப் பதவி மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் ஆட்களுக்குச் சதி இல்லாமல் ஒரு சாவும் நடக்காது. மாமா அதில் எல்லோரையும் மிஞ்சியவர். பாணின் நிறை குறைந்தால் சதி, பேருந்து பிந்தினால் சதி. அப்படிப்பட்டவர் இந்த ஒரு வழக்கில் மட்டும் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். அதுவும் சும்மா நிற்கவில்லை, தன் வீடு ஏலத்துக்கு வந்தவர் போல நின்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. மாமி கொழும்பில் இருந்தார். கல்யாணம் முடிந்து வெகு நாளாகியும் விசா வரவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்த மறுப்புக் கடிதம் அம்மாவின் சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பின்னால் இருந்தது. அதில் என்ன பிழை என்று கேட்டால், பேர் ஒத்துவரவில்லை என்பார் அம்மா. சாதகப் பொருத்தம் பார்ப்பது போல நோர்வேக்காரரும் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

நடந்தது இதுதான், நான் வளர்ந்து பெரியவளான பிறகு சொன்னார்கள். மாமா நோர்வேக்கு வந்தது வேறொருவருடைய கடவுச்சீட்டில். பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் அந்தப் பெயரையே இங்கும் சொன்னார். செல்வராஜா என்று அடையாள அட்டையும் கொடுத்துவிட்டார்கள். பல வருடம் கழித்துத் திருச்சியில் கல்யாணம். நோர்வே அரசாங்கத்துக்குப் பொய்ப் பெயர் சொன்ன மனுசனால் அக்கினிக்கு முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது பெற்றவர்கள் வைத்த பெயர் வாயில் வந்துவிட்டது. பதிவிலும் அதுவே ஏறியது. திருச்சியில் மாமிக்குத் தாலி கட்டியவர் ஒருவர், ஒஸ்லோவில் மாமியைக் கூப்பிடுகிறவர் இன்னொருவர் என்று அலுவலகம் சொன்னது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் மாமி வரலாம். பொய் சொல்லி உள்ளே வந்தவர் என்று மாமாவையே திருப்பி அனுப்பவும் செய்யலாம். மாமா பாண் சுட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தார்.

இஞ்சினியர் அங்கிளுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு சனிக்கிழமை அவர் கையில் புதிய தாள்கள்.

"பாருங்க, ரூலே இருக்கு. பெட்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு வந்தா மட்டும்தான் குடுக்கணும். வேற பேர்ல வந்தா திருப்பி அனுப்பிடணும். அப்புறம் துப்பாக்கி எப்படிங்க அவன் கைக்குப் போச்சு?"

"துண்டைக் கொண்டுபோய் நீட்டியிருப்பான், எடுத்துக் குடுத்திருப்பினம்," என்றார் மாமா. "தபால் கந்தோரில ஆற்ற முகத்தை ஆர் பார்க்கினம்?"

"விளம்பரத்தில இருந்தது கட்டைத் துவக்கு," என்றார் அப்பா. "பிடிபட்டது நெட்டை. அதுக்கென்ன சொல்லுறீர்?"

"கட்டை முடிஞ்சிருக்கும், கையில இருந்ததைக் கடைக்காரன் அனுப்பியிருப்பான். போன வருசம் அக்கா மண்ணிறச் சப்பாத்துக்கு எழுதிப்போட்டுக் கறுப்பு வரேல்லையோ அத்தான்?"

அந்தச் சப்பாத்து உண்மை. தோற்கிற கோபத்தில் அப்பா, "எது எப்பிடியோ, ரெண்டு பேரில திரியிறவன் கள்ளன்தானே ஐசே," என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். மாமா கோபிக்கவில்லை. "எல்லாரும் கள்ளர் இல்லை அத்தான்," என்று மட்டும் சொன்னார். பிறகு இஞ்சினியர் அங்கிளைப் பார்த்து, "வாங்கோ, செய்தே பார்ப்பம்," என்றார்.

பரீட்சை இதுதான். வீட்டுக்கு வந்து விழும், தபாலில் சாமான் விற்கிற புத்தகங்களில் ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வேறு பெயரில் ஒரு பொருளை எடுப்பிப்பது. பார்சல் வரும்போது தபால் கந்தோர் அதை மாமாவிடம் கொடுக்கிறதா, இல்லையா? கொடுத்தால் மாமா வென்றார். துவக்குக்குப் பதிலாக அம்மா இதய வடிவத்தில் வாபிள் என்ற நோர்வே அப்பம் சுடும் அச்சு ஒன்றைத் தெரிவுசெய்தார். துண்டை நிரப்ப நான் பேனையுடன் இருந்தேன்.

"என்ன பேர் போட மாமா?"

மாமா என் கையிலிருந்து பேனையை வாங்கித் தானே எழுதினார். வைத்திலிங்கம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்படியொரு கிழவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இஞ்சினியர் அங்கிளும் சேர்ந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா அடுப்பில் எதுவும் இல்லாத குசினிக்குள் அவசரமாகப் போனார்.

இந்த நாட்டில் பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் எதையும் போடமாட்டார். ஆகவே கீழே போய், அப்பாவின் பெயருக்கும் செல்வராஜாவுக்கும் கீழே ஒரு கடதாசித் துண்டில் வைத்திலிங்கம் என்று நோர்வேஜிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். "பேர் ஒட்டினா அது சீட்டிங்," என்றார் இஞ்சினியர் அங்கிள். அமெரிக்காவிலும் கேள்வி அதுதான் என்றார் மாமா: அந்தப் பெட்டியில் இரண்டாவது பெயரும் பதிந்திருந்ததா, இல்லையா? பதிந்த கடதாசியின் அந்தப் பகுதியைத் தபால் கந்தோர் எறிந்துவிட்டது, இனி உலகம் முடியும்வரை சண்டை பிடிக்கலாம் என்றார்.

அடுத்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். அம்மா வேலையால் வரும்போது தபாற்பெட்டிக்கு முன்னால் நின்றுவிடுவார். கடிதம் எதுவும் இருக்காது. அந்தக் கடதாசியின் மூலையை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் மின்தூக்கிக்கு வருவார்.

பார்சல் வந்திருக்கிறது என்ற அறிவித்தல் வந்தது. மாமா அதை உடனே கொண்டுபோகவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார். கடைசியில் ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் இருந்த தபால் கந்தோருக்குப் போனார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். பனியில் நடக்கும்போது எனக்குப் பாடம் சொல்லித் தந்தார். "ஆர் எண்டு கேட்டால், கூட இருக்கிற சிநேகிதன், சுகமில்லாமல் படுத்திருக்கிறார் எண்டு சொல்லு. விளங்குதோ பிள்ளை?" எனக்கு விளங்கியது. பொய் சொல்லப் பெரியவர்களே அனுமதி தருவது எத்தனை தரம் நடக்கும்?

எங்கள் இலக்கம் வந்தது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். மாமா அறிவித்தல் துண்டை நீட்டினார். அவர் அடையாள அட்டை கேட்டார். அமெரிக்காவில் கேட்டார்களோ தெரியாது, அம்மருட்டில் கேட்டார்கள். அட்டையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"இது வேறு பெயர்," என்றார்.

நான் சுகமில்லாத சிநேகிதரைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என் தோளில் கை வைத்தார். அந்தப் பெண் துண்டைத் திருப்பிக் காட்டினார். பார்சலுக்கு உரியவர் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு இன்னாரிடம் கொடுங்கள் என்று அதிகாரம் தந்தால், இன்னார் தன் அட்டையைக் காட்டி எடுக்கலாம். அவரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார். நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, மாமா பேனை கேட்டார்.

சுவரோரத்தில் ஒரு வாங்கு இருந்தது. அதில் உட்கார்ந்து, துண்டை முழங்காலில் வைத்து, வைத்திலிங்கமாகிய நான் செல்வராஜாவுக்கு அதிகாரம் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். பாண் மாவில் காய்த்துப்போன அந்தக் கை ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று எழுதியது. பிடிபடப் போகிறோம் என்ற பயம் என்று நினைத்தேன். பிறந்தபோது வைத்த பெயரை நோர்வேயில் ஒரு கந்தோருக்குள் இருந்து அவர் முதன்முதல் எழுதுகிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பப் போய் நீட்டினோம். அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். துண்டை அட்டைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டார்.

"இது ஒரே கை," என்றார். "அந்த மற்றவர் எங்கே?"

நான் மாமாவைப் பார்த்தேன். எனக்குச் சொல்லித் தந்த பாடம் அவருக்கும் மறந்துவிட்டது போலிருந்தது. தன்னுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில், என்னை எதிர்பாராமல், தானே சொன்னார்: "இங்கே. இரண்டும் நான்தான்."

வரிசையில் யாரோ இருமினார்கள். இனிப் பொலிஸ்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியென்றால் இரண்டு பேருமே வந்திருக்கிறீர்கள்," என்றார். "அதைவிட எனக்கு என்ன வேண்டும்?" உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பணத்தை வாங்கிக்கொண்டு, முதல் வாபிள் எப்போதும் ஒட்டிக்கொள்ளும், மனம் சோர வேண்டாம் என்றார். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.

மாமா அந்த வாங்கு வரைக்கும்தான் நடந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்திருந்தது.

"பாத்தனியோ பிள்ளை? அவ ஒண்டும் செய்யேல்லை."

"என்ன செய்யிறது மாமா?"

"ஒண்டும் செய்யேல்லை," என்றார் திரும்பவும். "சொன்னனான், அவ கேட்டவ. ஒண்டும் நடக்கேல்லை."

பந்தயத்தில் வென்றதற்கு ஒரு மனிதர் இப்படி அழலாமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய ஏமாற்றம் வீட்டில் காத்திருந்தது. "ஐடி கேட்டாங்கல்ல? கையெழுத்துப் பார்த்தாங்கல்ல? அப்ப என் பாயின்ட்தான் கரெக்ட்," என்றார் இஞ்சினியர் அங்கிள். "ஓம் ஓம், நீங்கள்தான் வென்றது," என்றார் மாமா, சண்டை எதுவும் இல்லாமல். நான் கொதித்துப்போனேன். ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டிக் காத்த வழக்கை இப்படியா கைவிடுவது! அம்மா வாபிள் சுட்டார். முதலாவது ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தத் துவக்கைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை மாமா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு வழக்கறிஞரிடம் போனார். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் கோபித்தார்கள், பழைய கோப்பைத் திறந்தார்கள், கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார்கள். அம்மாவின் நேர்த்திக்கடன்களும் அதற்கேற்பக் கூடிக்கொண்டே போயின. ஆனால் திருப்பி அனுப்பவில்லை. பனி இரண்டாம் முறை கரைந்தபோது மாமி வந்தார். விமான நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே மாமாவைக் கண்டதும், "இஞ்சாருங்கோ," என்றுதான் கூப்பிட்டார். எந்தப் பெயரும் தேவைப்படவில்லை.

அடுத்த குளிர் தொடங்கியபோது மாமாவும் மாமியும் ஒஸ்லோவின் இன்னொரு பக்கத்தில், ட்வெய்ட்டாவில் வீடு எடுத்தார்கள். குடிபுகுந்த அன்று வாபிள் அச்சைக் கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் போனோம். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் கதவைப் பார்த்தேன். அழைப்புமணிக்கு மேலே, பளபளக்கும் புதிய பித்தளைத் தகட்டில், ஒரே ஒரு பெயர் வெட்டியிருந்தது. வைத்திலிங்கம்.

தபால் கந்தோரில் ஒருமுறை தப்பியது போதாதா? பொய்ப் பெயரைப் பித்தளையில் வெட்டி ஊருக்குக் காட்டுகிற அளவுக்கா மாமாவுக்குத் துணிவு வந்துவிட்டது? உள்ளே மாமி வாபிளுக்கு மாக் கரைத்துக்கொண்டிருந்தார், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் இந்த யோசனை இல்லை. மின்தூக்கி ஏறி வருகிற சத்தம் கேட்டது. இவ்வளவு பாடுபட்டு வந்த மாமியைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. நான் கையுறையைக் கழற்றாமலே அந்தத் தகட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்கள் கடந்து போகும்வரை நின்றேன்.