வாளைக் குலை

உம்மா மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு எங்கள் வீட்டில் பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் நடுவில்தான் மனிதச் சத்தம் கேட்கும். தம்பி வீட்டுவேலை செய்கிற நேரம் அது. பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுகிற எழுத்துவேலையைச் சொல்கிறேன். மற்ற வீட்டுவேலையெல்லாம் என்னுடையது. நாட்டுச் சண்டை முடிந்ததும் வாப்பா மன்னாருக்குப் போய், முன்பு எங்கள் ஆட்களைத் துரத்தியபோது விட்டுவிட்டு வந்த காணியில் காடு வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருக்கிற தில்லையடிக்கு எப்போதாவதுதான் வருவார். வேலிக்கு அந்தப் பக்கம் உம்மாவின் தங்கை, சாச்சி வீடு. சாச்சி வந்தால் உம்மாவைச் சொல்லிச் சொல்லி அழுவார். அதற்குப் பயந்து நான் கதவைச் சாத்திவிடுவேன்.

தம்பி பத்தாம் தரம் படித்தான். மூத்தவள் நான் எட்டோடு நின்றுவிட்டேன். உம்மாவுக்கு வருத்தம் கூடிப் படுக்கையில் விழுந்தபோது ஒருநாள் போகவில்லை. பிறகு போகவேயில்லை.

அவனுக்கு எல்லாப் பாடத்துக்கும் பார்த்து எழுதுகிற வேலைதான். புத்தகத்தில் உள்ளதை அப்படியே கொப்பியில் இறக்க வேண்டும். விஞ்ஞானம், வரலாறு, தமிழ் எல்லாம் ஒரே நாளில் வந்து சேரும். மாறி மாறிப் பார்த்துக் கழுத்து நோகிறது என்று ஒருநாள் சொன்னான். நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு வாசித்துக் கொடுத்தேன். அவன் தலை நிமிராமல் எழுதினான். சீக்கிரம் முடிந்தது. அது அப்படியே வழக்கமாகிவிட்டது.

எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பகல் முழுக்க நான் யாரோடும் கதைக்க மாட்டேன். சமைப்பேன், உடுப்புக் கழுவுவேன், முற்றம் கூட்டுவேன். மஃரிப் தொழுது வந்து புத்தகத்தைத் திறந்தால்தான் என் குரல் எனக்கே கேட்கும். வாசிப்பதில் பாதி விளங்காது. ஒளித்தொகுப்பும் ஒல்லாந்தரும் எனக்கு ஒன்றுதான். ஆனால் நான் சொல்வதை ஒருவன் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். "மெதுவா, மெதுவா" என்று அதட்டுவான். அந்த அதட்டலுக்காகவே சில நேரம் வேகமாக வாசிப்பேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவன் பையைத் தூக்கி எறிந்தான்.

"ராத்தா, உங்களால என்ட மானம் போச்சு."

"என்னடா?"

"வாளை ஒரு தரம்தான் குலை போடும் எண்டு எழுதி வெச்சிரிக்கன். டீச்சர் முழுக் கிளாசுக்கும் வாசிச்சுக் காட்டுறா. உங்கட வீட்டு வளவுல மீன் குலை போடுதா தம்பி எண்டு கேக்குறா. இப்ப எல்லாரும் என்னைய வாளை எண்டுதான் கூப்புடுறானுகள்."

புத்தகத்தில் வாழை என்றுதான் இருந்தது. எங்கள் வாயில் வாழையும் வாளைதான், வாளை மீனும் வாளைதான். நான் சொன்னதை அவன் காதால் கேட்டு எழுதியிருக்கிறான். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக மீன். வாளை இலை, வாளைத் தண்டு, வாளைக் கன்று. நான் வாய்விட்டுச் சிரித்தேன். உம்மா போன பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. அவனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

"சிரிங்க, சிரிங்க. டீச்சர் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா."

விஞ்ஞான டீச்சர் மதுரங்குளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். போனபோது, ஏசப்போகிறார் என்று வாசலிலேயே நின்றேன். அவர் கதிரை காட்டி இருக்கச் சொன்னார்.

"நீங்கதான் வாசிச்சுக் குடுக்குறதா பிள்ள?"

"ஓம் டீச்சர். பிழையா?"

"நான் குடுத்த வேலைதான் பிழை. எழுதினா மண்டைல நிக்கும் எண்டு நெனச்சன். இதுல இவன்ட கையைத் தவிர ஒண்டும் வேலை செய்யல்ல." கொப்பியை மூடினார். "பின்னேரத்துல விளையாடப் போறானா?"

"எங்க டீச்சர் நேரம்? பின்னேரத்துல தனியா இருந்து எழுதுறான், மஃரிபுக்குப் பிறகு நான் வாசிக்க எழுதுறான். முடிய சோறு, படுக்கை."

"உங்கட கிணத்தடில வாழை இரிக்கா?"

"இரிக்கி."

"அப்ப அதைத் தோண்டிப் பார்க்கட்டும். கண்டதைத் தன்ட சொல்லுல எழுதட்டும், கொஞ்சம் போதும். மத்த டீச்சர்மாரோடயும் கதைக்கிறன். எல்லாரும் ஒரே நாள்ல குடுத்தா பொடியன் என்ன செய்வான்?" பிறகு என் கையைத் தொட்டார். "நீங்க ஒண்டு செய்யணும் பிள்ள. இனி வாசிச்சுக் குடுக்காதீங்க. தெரியாட்டி தெரியாது எண்டே எழுதட்டும்."

"ஓம் டீச்சர்" என்றேன். அந்த நேரம் எனக்கு வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்று பின்னேரம் அவன் வாழையடியைத் தோண்டினான். மண் கையோடு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடி வந்தான். "ராத்தா, அடியில பெரிய கிழங்கு ஒண்டு. அதுலருந்துதான் குட்டி வருது!" பிறகு மேசையில் குனிந்து எழுதினான். எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்தான். "டீச்சர் சொன்னது மறந்து போச்சா?"

அதன் பிறகு வேலை கொஞ்சமாகத்தான் வந்தது. பின்னேரம் வொலிபோல் விளையாடப் போனான். மஃரிபுக்குப் பிறகு தனியாக இருந்து எழுதுவான். விளங்காத இடத்துக்குக் கூட்டாளி வீட்டுக்குப் போவான். நன்றாகச் சாப்பிட்டான், முகம் தெளிந்தது. கொப்பியில் அவனுடைய சொல் இருந்தது, டீச்சரின் சிவப்பு மையில் "நல்லது" இருந்தது. எல்லாம் நல்லதுதான். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வாப்பா போன் எடுத்தால் "சுகமா இரிக்கிறம்" என்பேன். வைத்த பிறகு வீட்டில் சத்தமே இருக்காது.

தவணைப் பரீட்சை கிட்டின ஒரு மஃரிபுக்குப் பிறகு, புத்தகத்தோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

"ராத்தா, இண்டைக்கு மட்டும் வாசிங்களேன். கண் எரியுது."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினேன். போய்க் கதிரையிலும் இருந்தேன். முதல் வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

"முகத்தைக் கழுவிட்டு வந்து நீயே வாசி."

"ஒரு பக்கம் ராத்தா."

"வாணாம். நீ சத்தமா வாசி, நான் இரிந்து கேக்குறன்."

"சத்தமா வாசிச்சா எனக்கு ஏறாது."

முகத்தைக் கழுவி வந்து குனிந்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்ச வெங்காயத்தை உரிக்க எழுந்து போனேன்.