தலைமைப் பண்பு இல்லாத நர்மதா

ஐடி கம்பெனி நேர்காணலில் மூளையை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று இன்னுமா நம்புகிறீர்கள்? அப்படியானால் கத்திவாக்கம் நர்மதாவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பா பொன்னுரங்கம் எண்ணூர் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். அனல்மின் நிலையத்தின் சாம்பல் சேறு ஏறிய தண்ணீரில் இப்போது வலை பெரும்பாலும் வெறுமையாகவே வருகிறது. வீட்டின் நம்பிக்கையெல்லாம் மகளின் வேலைமேல். பொறியியல் முடித்துப் பதினான்கு மாதம், பத்து நேர்காணல். இது பதினொன்றாவது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விடிகாலை ரயிலைப் பிடித்து, பேருந்து மாறி, ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வரை யாரும் கூப்பிடவில்லை. ராகு காலமாம். அந்தக் கம்பெனி விற்பது செயற்கை அறிவு. இயற்கை அறிவுக்குத்தான் அங்கே தட்டுப்பாடு.

முதலில் ஒரு பட்டியலைத் தலைகீழாகத் திருப்பும் நிரலைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். வேலையில் சேர்ந்தபின் அநேகமாக எவரும் செய்யாத காரியம், ஆனால் கேட்காத கம்பெனி இல்லை. எழுதினாள். அடுத்து, ஒரே பிரிண்டரை இருபது பேர் கேட்டால் ஒருவர்கூட விடுபடாமல் எப்படிப் பிரிப்பாய் என்றார் பொறியாளர். கழிமுகத்தில் இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைப்பார்களே, பாடு, அதைத்தான் நர்மதா விளக்கினாள். அந்த மனிதர் அசந்துபோய் முழு மதிப்பெண் போட்டார்.

பிறகு குழு விவாதம். எட்டுப் பேர், பத்து நிமிடம், வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதா கெட்டதா. தொடங்கியதுமே ஆறு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். டை கட்டிய ஒருவன் மேசையைக் குத்தினான். ஓரத்திலிருந்த விழுப்புரத்துப் பெண் வாயைத் திறப்பதும் மூடுவதுமாகத் தவித்தாள். நர்மதா கையைத் தூக்கினாள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று முறைவைத்து, அந்தப் பெண்ணை முதலில் பேசவிட்டாள். பாடு பிரிக்கிற நாளில் பொன்னுரங்கம் தன் பெயரைக் கடைசியில்தான் சொல்வார். மகளும் அப்படியே செய்தாள். அவள் முறை வருவதற்குள் நேரம் முடிந்தது.

மாலையில் மேலாளர் கூப்பிட்டார். "டெக்னிக்கல்ல நீங்கதாம்மா ஃபர்ஸ்ட். ஆனா லீடர்ஷிப் குவாலிட்டி இல்ல." மேசையைக் குத்தியவனுக்கு வேலை.

வீட்டில் பொன்னுரங்கம் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "இன்னாம்மா ஆச்சி?"

"எல்லாருக்கும் பாடு வுட்டேன் நைனா. அது தப்பாம். கத்துறவன்தான் தலைவனாம்."

"கத்துனா எறா ஓடிப்பூடுமே. எவன் அவனுக்கு ஆபீஸ் வெச்சிக் குட்த்தான்?"

நர்மதா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பதினொரு இடத்திலும் இப்படி வாய்ச்சொல்லாகவே துரத்தியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே உட்கார்ந்து, தன்னை ஏன் நிராகரித்தீர்கள், எந்தச் சுற்றில் எத்தனை மதிப்பெண் என்று எழுத்தில் கேட்டு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்று வாரமாகிறது. பதில் இல்லை. எழுத்தில் வந்தால் சந்தி சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நீங்கள் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவரா? நாளைக்கே உங்கள் எச்.ஆரிடம் போங்கள். நிராகரிக்கும் ஒவ்வொருவருக்கும் காரணத்தையும் மதிப்பெண்ணையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மழுப்பினால், பக்கத்து இருக்கைக்காரரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள்.