ரெக்கார்டில் இருந்த அக்கா

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், பிளஸ் டூ மார்க் ஷீட் கைக்கு வந்த அன்றே, நான் நர்சிங் சேரப்போவதாக வீட்டில் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த அப்பாதான் மார்க் ஷீட்டை வாங்கி, மடிப்பு விழாமல் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். இயற்பியலில் எழுபத்தாறு, வேதியியலில் எண்பத்தொன்று.

"இருநூத்துக்கா?"

"ஆமாப்பா."

"தப்பிச்சிருக்க. அம்புட்டுதான்."

அவர் சொன்னது சரிதான். எழுபது வாங்கினால் பாஸ். வேதியியல் டீச்சர் பாதி வருஷம் பிரசவ விடுப்பில் போய்விட்டார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு வாய் வராது. என் பெஞ்சில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நூற்றறுபது வாங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிப் போய் டியூஷன்கூடப் படித்தேன். அங்கே படித்தது திரும்பி வரும் பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விடும். சூத்திரம் என் மண்டையில் ஏறாது, வேறு காரணமெல்லாம் கிடையாது.

பிறகு எதற்கு நர்சிங் ஆசை? அதற்கு முந்தின வருஷம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர், கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் நர்ஸைப் பார்த்து, "இவங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். அந்த நர்ஸ் சொன்னதை வைத்துத்தான் மருந்து எழுதுவார். ஒரு பெண்ணைக் கேட்டு ஆண் ஒருவர் காரியம் செய்து எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

மதுரையில் விண்ணப்பம் வாங்கப் போனபோது ஜன்னலுக்குள் இருந்தவர் என் மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அறிவியல் பாட மார்க்கை வைத்துத்தான் எடுப்பார்களாம். பொதுவில் எனக்குக் கிடைக்க வழியே இல்லை என்றார். அப்பாவின் நரைத்த மீசையையும் நின்ற நிலையையும் பார்த்துவிட்டு, "மிலிட்டரியா ஐயா? முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனியா இடம் உண்டு. அதுல வேணும்னா முயற்சி பண்ணிப் பாருங்க" என்றார்.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினேழு வருஷம் பனியிலும் மழையிலும் நின்றதற்கு இப்போது ஒரு பலன் இருக்கிறது. மறுநாளே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, குடும்ப விவரம் எழுதியிருந்த ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, படைவீரர் பிள்ளை என்ற சான்றிதழ் வாங்க என்னை விருதுநகர் முன்னாள் படைவீரர் ஆபீஸுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே இருந்த கிளார்க், என் பள்ளிச் சான்றிதழையும் அப்பாவின் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"பேரு சரியா இருக்கு. பொறந்த தேதி இடிக்குதே அண்ணாச்சி. ரெக்கார்டுல இருக்க பிள்ளை நாலு வருஷம் மூத்ததால்ல இருக்கு. ஒங்களுக்கு ரெண்டு பொண்ணா?"

"ஒண்ணுதான்" என்றார் அப்பா. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு. மூத்தது இல்ல" என்றார்.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா அப்போது அஸ்ஸாம் பக்கம் இருந்தார். கடிதம் அவர் கைக்குப் போனபோது பிள்ளையைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில், பிள்ளை தவறிய வீட்டில் அடுத்துப் பெண் பிறந்தால் போனவளே திரும்பி வந்திருக்கிறாள் என்பார்கள். அவள் பெயரையே வைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வைத்தார்கள். சின்னக் காய்ச்சல் வந்தாலும், "மறுபடியும் போயிராத தாயி" என்று அம்மா என் காலைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் செத்ததையும் நான் பிறந்ததையும் அப்பா தன் படைப்பிரிவுக்கு எழுதித் தெரிவிக்கவே இல்லை என்பதுதான் தெரியாது.

திரும்பும்போது சிவகாசியில் பஸ் நின்றது. "ஏம்ப்பா எழுதல?" என்று கேட்டேன்.

"போனவதான வந்துருக்கா. பேரு ஏற்கெனவே இருக்கு. பொறவு என்னத்துக்குன்னு விட்டுட்டேன்."

"நான் அவ இல்லப்பா" என்று கத்திவிட்டேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளார்க் நல்ல மனிதர், வழி சொல்லியிருந்தார். மூத்த பெண் இறந்ததற்குச் சான்று கொடுத்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். பிறகு என்னைச் சேர்க்க வேண்டும். பதியாத சாவுக்குச் சான்று வாங்க கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வக்கீல் ஒரு தாளில் டைப் அடித்துக் கொடுத்தார். அதில் பெற்றவள் கையெழுத்தும் வேண்டும்.

அம்மா தாளைத் தொடவில்லை. "கண்ணு முன்னால நிக்கிறவள செத்துட்டான்னு எழுதி, அதுல நான் கையெழுத்துப் போடவா? ஏட்டி, ஒனக்கு மனசு இருக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள். அப்பா வாசலுக்குப் போய்விட்டார். விண்ணப்பம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. நான் பேனாவை அவள் விரலுக்குள் திணித்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போடும்மா" என்றேன். போட்டாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஒன்பது நாளில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருஷம் போயிற்று. ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போனேன். கோர்ட் சான்றை அனுப்பிய பிறகு, ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ் கடிதம் அடுத்த கோடையில் வந்தது. சான்றிதழ் கையில் கிடைத்ததும் மறுபடியும் விண்ணப்பம் போட்டேன். பட்டியல் ஒட்டிய அன்று அப்பாவும் நானும் மதுரைக்குப் போனோம். ஒரு தடவைக்கு மூன்று தடவை தேடினேன். என் எண் இல்லை. அப்பா உள்ளே போய் விசாரித்தார்.

"தனி இடம்னாலும் மார்க்கு பாத்துத்தான் ஐயா எடுப்போம். ஒங்க மாதிரி ஆளுக பிள்ளைக எம்புட்டுப் பேரு நல்ல மார்க்கு வச்சிருக்குக தெரியுமா?" என்றாராம் அங்கிருந்தவர்.

இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். நாங்களும் கேட்கவில்லை. தனி இடம் என்றால் கதவு திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, சான்றிதழையும் ரெக்கார்ட் ஆபீஸ் கடிதத்தையும் உள்ளே வைக்கப் போனார். வைக்காமல் கடிதத்தைப் பிரித்து, பெயர் நீக்கப்பட்டது என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

"எழுதாமலே இருந்திருக்கலாம். அவளாவது இதுல இருந்திருப்பா."

நான் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியும். என்னைக் குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும். அவளை நான் அதுவரை அக்கா என்று நினைத்ததே இல்லை, என் பெயரை எனக்கு முன்னால் வைத்திருந்தவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அக்கா பேரையும் திரும்பச் சேக்கச் சொல்லி எழுதிக் கேப்பமாப்பா?"

"செத்தவுகளச் சேக்க மாட்டாக" என்று சொல்லிவிட்டு அப்பா பெட்டியை மூடினார்.