விண்வெளியில் விடப்பட்டவள்

எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நாலு பேர் படிக்க எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

போன வாரம் என் மகள் போனில் ஒரு விண்வெளித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரங்களை எல்லாம் ஆளுகிற ஒரு சாம்ராஜ்யம். அங்கே சாமியும் கிடையாது, கோயிலும் கிடையாது, விஞ்ஞானம் மட்டும்தான். ஆனாலும் ஒருவனை மதத்துரோகி என்று சொல்லித் தண்டித்தார்கள்.

"மதமே இல்லாத இடத்துல மதத்துரோகம் எப்படிம்மா வரும்?" என்று சிரித்தாள்.

அடுப்பில் பால் இருந்தது. எழுந்து போய்விட்டேன். ஆனால் எனக்குப் பதில் தெரியும். அப்படி ஒரு சாம்ராஜ்யத்தில் நான் தண்டனை அனுபவித்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் கைலாசபுரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ். நான் ஐந்தாவது படிக்கும்போது, அத்தைக்கு உடம்பு முடியாமல் ஸ்ரீரங்கத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாமா கூடவே இருக்க வேண்டியிருந்ததால் அத்தை மகனை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். என்னைவிட மூன்று வயது பெரியவன். லைப்ரரியில் விண்வெளிக் கதைகளாகப் பார்த்து எடுத்துப் படிப்பான். வந்த சில நாளிலேயே எங்கள் தெருப் பிள்ளைகளைத் தண்ணீர் டேங்க் அடியில் கூட்டி, ஒரு சாம்ராஜ்யத்தை நிறுவி, தானே சக்கரவர்த்தியும் ஆகிவிட்டான். யாரும் போட்டியிடவில்லை. "இங்க சாமி கிடையாது. விஞ்ஞானம் மட்டும்தான்" என்பது முதல் சட்டம்.

எனக்குச் செவ்வாய்க் கிரகத்தைப் பெருக்கும் உத்தியோகம். அதற்கு முன்பு எந்த விளையாட்டிலும் என்னைச் சேர்த்ததில்லை. கேட்கக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பவள் நான். அதனால் மிகவும் நன்றாகப் பெருக்கினேன்.

டேங்க் மேடையில் ஒரு பிரஷர் மீட்டர் இருந்தது. பழைய இரும்புக் கடையில் அவனுக்குக் கிடைத்தது. சாயங்காலமானால் எல்லோரும் சுற்றி நிற்போம். அவன் குனிந்து, "ஸ்ரீரங்கம் நலமா?" என்று அதைக் கேட்பான். சற்று நேரம் பார்த்துவிட்டு, "முள் ஏறிடுச்சு. நலம்" என்பான். நாங்கள் சல்யூட் அடிப்போம். பிறகுதான் விளையாட்டு. அவன் வீடு ஸ்ரீரங்கத்தில் இருப்பதால் அதைத் தலைமைக் கிரகமாக வைத்துக்கொண்டான் என்று நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சமயபுரம் போய் அத்தைக்காக வேண்டிக்கொண்டு, இரண்டு மஞ்சள் கயிறு வாங்கி வந்தாள். ஒன்றை என் கையில் கட்டினாள். சக்கரவர்த்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். அம்மா கெஞ்சிப் பார்த்துவிட்டு அந்தக் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் எதிர்வீட்டுப் பையன் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டான். அவன்தான் தளபதி.

"சக்கரவர்த்தி! இவ கையில சாமிக் கயிறு!"

சக்கரவர்த்தி கயிற்றைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "கழட்டிடு. மீட்டர் மேல கை வச்சு, முள் சொல்றதுதான் உண்மைன்னு சொல்லு. மன்னிச்சுடலாம்."

கழற்றினேன். மீட்டரின் மேல் கை வைத்தேன். எப்போதும் கடைசியில் நிற்பவள் என்பதால், அன்றுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் துருவேறி ஒட்டிக்கிடந்தது.

"முள் நகரவே இல்லையே" என்றேன். குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் சொல்வோமே, அப்படித்தான்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. கயிற்றுக்கு வராத கோபம் இதற்கு வந்தது.

"துரோகி! இவளை விண்வெளியில விட்டாச்சு. அங்க சத்தம் கேக்காது. இனிமே இவ பேசறது யாருக்கும் கேக்காது."

உண்மையிலேயே கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தால் தளபதி, "ஏதோ சத்தம் வருதே?" என்பான். "காத்துடா" என்பான் இன்னொருவன். வீட்டிலும் அதே கதை. சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அம்மா அனுப்புவாள். சக்கரவர்த்தியின் பக்கத்தில் போய் நின்று கூப்பிடுவேன். புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவான். "கூப்பிட்டியா இல்லையாடி? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அம்மா என்னைத்தான் திட்டுவாள். போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு என் பெயரை நானே சொல்லிப் பார்ப்பேன்.

பிறகு ஒரு சாயங்காலம், கொல்லைப்புறத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் தனியாக வந்தான். என்னைப் பார்க்காமல் கொடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அந்தக் கயிறு இருக்கா?"

ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

"நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப நாளைக்கு டேங்குக்கு வரலாமா?"

"நாளைக்குச் சொல்றேன்."

என்னைக் காப்பாற்றத்தான் கயிற்றை ஒளித்துவைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அத்தைக்கு ஆபரேஷன் என்று அப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மாமா வந்து அவனை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் நான் டேங்க் அடிக்குப் போனேன். பையன்கள் மீட்டரை ஸ்டம்புக்கு முட்டுக்கொடுத்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் வரலாமா என்று கேட்டேன். யாரும் திரும்பவில்லை.