படையலில் வைத்த கப்பல்கள்

அண்ணன் கப்பலைப் பார்த்ததே இல்லை. கடலைக்கூட மரக்காணத்தில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். ஆனால் அவனுடைய டிரங்குப்பெட்டி முழுக்கக் கப்பல்தான்.

விழுப்புரத்தில் பழைய பேப்பர் கடையில் அவனுக்கு வேலை. திண்டிவனத்திலிருந்து காலை ரயிலில் போவான். பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. அங்கிருந்து கட்டுக்கட்டாகக் காகிதம் வரும். கப்பல் படம் போட்டது எதுவானாலும் முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவான். அந்தக் காலத்துப் பயணிக் கப்பலில் அன்றைக்கு என்னென்ன சாப்பாடு என்று அச்சடித்துக் கொடுத்த சாப்பாட்டு அட்டை, பெட்டியில் ஒட்டுகிற வட்டச் சீட்டு, அறைகளைக் காட்டும் படம். எல்லாம் பிரெஞ்சு. அவனும் என்னைப்போல அஞ்சாவதோடு நின்றவன். புகைபோக்கியின் நிறத்தைப் பார்த்துத்தான் இந்தக் கப்பல், அந்தக் கப்பல் என்று பிரிப்பான். வட்டச் சீட்டுகளைக் கேப்பைக் கூழ் தடவிப் பெட்டி மேலேயே ஒட்டிவிட்டான்.

"சீமைக்குக் கெளம்பிட்டியாடா?" என்று மாமா கேலி செய்வார். அம்மாவின் தம்பி அவர்.

"நீ டிக்கெட் எடுத்தா போறேன் மாமா" என்பான்.

மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

கருமாதிக்கு முந்தின நாள் மாமா வந்தார். பாய், துணி, பெட்டி எல்லாவற்றையும் துணி வெளுக்கிறவருக்குக் கொடுத்துவிட வேண்டும், காகிதத்தை அடுப்பில் போடு என்றார். எங்கள் பக்கம் அதுதான் முறை. காகிதமாவது இருக்கட்டும் என்று கேட்டேன்.

"செத்தவன் சாமான வச்சிக்கினு இருந்தா அவன் ஊட்ட உட்டுப் போவ மாட்டான்" என்றார்.

போகாவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு. சொல்லத் தெம்பில்லை. மண்டியில் கூலிக்கு மல்லாட்டை உடைத்து, கடலை ஓடு கீறி விரலெல்லாம் எரிந்தது. அப்படியே படுத்துவிட்டேன்.

மறுநாள் அம்மா பெட்டியைத் திறந்து ஒரு சாப்பாட்டு அட்டையை எடுத்தாள். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும்.

"தெனம் இதத்தான பாத்துக்கினு இருந்தான். இதுல இன்னா சோறு போட்டுக்குது?"

எனக்கு மட்டும் படிக்கத் தெரியுமா? ஓரத்தில் ஒரு மீன் வரைந்திருந்தது. மீன்தான் என்றேன். கூடைக்காரம்மாவிடம் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். இலை போட்டுச் சோறும் குழம்பும் வைத்தாள். பிறகு பெட்டியிலிருந்த காகிதங்களை அள்ளிவந்து இலையைச் சுற்றி அடுக்கினாள்.

"இன்னாக்கா இது?" என்றார் மாமா.

"அவனுக்குப் புடிச்சது. படைக்கிறேன்."

கற்பூரம் காட்டி முடித்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "படைச்சத யாரும் அடுப்புல போட மாட்டாங்க. ஊட்ல இருக்கறவங்கதான் எடுத்துக்கணும். எடுடி" என்றாள்.

மாமா உட்கார்ந்து சாப்பிட்டார்.

பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. வட்டச் சீட்டுகளைத் தண்ணீர் தொட்டு உரித்துப் பார்த்தேன். கூழ் இறுகிப்போய் ஒன்று பாதியில் கிழிந்தது, விட்டுவிட்டேன். துணி வெளுக்கிறவர் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். தெரு முனை திரும்பும்வரை சீட்டுகள் தெரிந்தன.

காகிதங்கள் இப்போது மல்லாட்டைச் சாக்கில் இருக்கின்றன. எது எந்தக் கப்பல் என்று அவன் சொல்லித்தந்தது எனக்குப் பாதி மறந்துவிட்டது. மீன் வரைந்த அந்த அட்டையில் படையல் குழம்பு பட்ட இடத்துக்கு எறும்பு வருகிறது. மண்டியிலிருந்து வந்ததும் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறேன்.